இரண்டாவது ஆள் மேல் மனசு போவது யார் எழுதிய தப்பு? (ஸ்டார்ட்-அப், ரிப்ளை 1988, மிங்லான், டேஞ்சரீன்ஸ் – ஸ்பாய்லர் உண்டு)

மழைச்சாரல்

‘ஸ்டார்ட்-அப்’ கொரியத் தொடரை முடித்த கையோடு எழுதுகிறேன். 2020-இல் அது வந்தபோதே பெரிய சண்டை நடந்தது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இப்போதுதான் 16 எபிசோடும் பார்த்தேன். பார்க்காதவர்கள் இங்கேயே நின்றுவிடுங்கள், கதை முழுக்க வெளியே வரப்போகிறது.

என் கோபம் நாயகி தால்-மியின் காதலை நாயகன் தோ-சான் ஜெயித்ததில் இல்லை; இரண்டாவது நாயகன் ஜி-பியோங்கை எழுதிய விதத்தில். முதல் எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். அநாதை இல்லத்தை விட்டு வெளியே வந்த பையன் ஜி-பியோங். போக இடமில்லை. ஹாட்டாக் கடை வைத்திருக்கும் ஒரு பாட்டி அவனுக்குத் தங்க இடம் கொடுக்கிறார். அப்பாவும் அம்மாவும் பிரிந்து, அக்காவும் அம்மாவோடு போய்விட்டதால் பேத்தி தால்-மி தனியாகத் தவிக்கிறாள். அவளுக்கு ஒரு நண்பன் மாதிரி கடிதம் எழுதச் சொல்கிறார் பாட்டி. கணித ஒலிம்பியாடில் ஜெயித்ததாகச் செய்தித்தாளில் வந்த நாம் தோ-சான் என்ற பையனின் பெயரைப் போட்டு இவன் எழுதுகிறான். பிறகு பாட்டியைத் தப்பாக நினைத்துச் சண்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறான். அந்த நேரத்தில் பாட்டி அவனுக்குப் புது ஷூ கொடுத்து, நன்றாக இருக்கும்போது என்னைத் தேட வேண்டாம், கஷ்டம் வந்தால் வா என்று சொல்லி அனுப்புகிறார். நான் அழுதுவிட்டேன்.

இவ்வளவையும் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டு, காதலியை மட்டும் இன்னொருவனுக்குக் கொடுத்தால் பார்ப்பவர் மனசு எங்கே போகும்? நாயகனை விட்டு இரண்டாவது நாயகன் மேல் மனசு போவதற்கு ‘செகண்ட் லீட் சிண்ட்ரோம்’ என்று பெயர் வைத்து ஏதோ ரசிகர்களுக்கு வரும் வியாதி மாதிரி பேசுகிறோம். எழுத்து செய்த வேலை இது என்பது என் கட்சி. உங்கள் கருத்து?

நடுநிசிப் பார்வையாளன்

மழைச்சாரல், ஜி-பியோங்கை எனக்கும் பிடிக்கும். ஆனால் கடிதத்துக்கு நீங்கள் கொடுக்கும் எடை கொஞ்சம் அதிகம். அவன் தால்-மி மேல் ஆசைப்பட்டு எழுதவில்லை. பாட்டி கேட்டதற்காக எழுதினான். 15 வருஷம் கழித்து அவன் திரும்பி வருவதும் பாட்டிக்குப் பட்ட கடனைத் தீர்க்கத்தான். தால்-மி மேல் அவனுக்கு உண்மையான விருப்பம் வருவது தோ-சானும் அவளும் நெருங்கத் தொடங்கிய பிறகு.

தோ-சானுக்குக் காயமே இல்லை என்பது போல எல்லோரும் எழுதுகிறார்கள், அதுவும் சரியில்லை. ஒலிம்பியாடில் இன்னொருவன் விடையைப் பார்த்து எழுதிய குற்ற உணர்வு அவனுக்குள் இருக்கிறது. அந்தப் பரிசை வைத்து அப்பா பெருமைப்படும்போதெல்லாம் அவன் உடைகிறான். தன் பெயரில் வேறொருவன் எழுதிய கடிதத்தால் ஒரு பெண் தன்னை நேசிக்கிறாள் என்று தெரிந்தும் அவள் முன்னால் நிற்க வேண்டிய நிலை, கடிதம் எழுதியவனின் நிலையைவிடச் சிக்கலானது. தோ-சானாக வந்த நாம் ஜூ-ஹியோக் அதை அமைதியாக நடித்தார். ஜி-பியோங்காக வந்த கிம் சியோன்-ஹோவின் கன்னக்குழி அந்த அமைதியை மறைத்துவிட்டது.

செவ்வந்தி

கன்னக்குழி பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. ஆனால் ஜி-பியோங் பக்கம் நிற்பவர்களை அதற்காக மயங்கியவர்கள் என்று ஒதுக்காதீர்கள். நான் ஷூ காட்சிக்காக நிற்கிறேன்.

தாமிரபரணிக் கரை

பிரச்சினை முதல் எபிசோடில் இல்லை, மூன்று வருஷத் தாவலில் இருக்கிறது.

தோ-சானும் நண்பர்களும் தால்-மியோடு நடத்தும் சாம்சான் டெக் கம்பெனியின் பையன்களை அமெரிக்கக் கம்பெனி கொண்டுபோகிறது. தால்-மியை விட்டுவிட்டு ஆட்களை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். சரி, கதையின் மிகக் கொடூரமான, மிக நியாயமான இடம் அது. தொழில் உலகில் நடப்பதும் அதுதான். அதற்குப் பிறகு மூன்று வருஷம் என்று ஒரு வரி. தோ-சான் தன்னம்பிக்கையோடு திரும்பி வருகிறான். எப்படி வந்தது அந்தத் தன்னம்பிக்கை? தெரியாது. ஜி-பியோங் மூன்று வருஷம் அதே ஊரில், அதே பாட்டி வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டு, அவளிடம் ஒரு அடிகூட நகரவில்லை. ஏன்? அதுவும் தெரியாது. இரண்டு ஆண்களின் முக்கியமான காலத்தையும் திரைக்கு வெளியே வைத்துவிட்டு, முடிவை மட்டும் நம்மிடம் ஒப்படைக்கிறார்கள்.

பாதிக்கும் மேற்பட்ட கே-டிராமாக்களில் இது நடக்கிறது. 14-ஆவது எபிசோடில் ஒரு பிரிவு, 15-இல் ‘ஒரு வருடம் கழித்து’, 16-இல் ஒரு சந்திப்பு. பிரிவு பாத்திரத்தின் குணத்திலிருந்து வந்தால் ஏற்கலாம். ‘ட்வென்ட்டி ஃபைவ் ட்வென்ட்டி ஒன்’ முடிவைத் திட்டாதவர் இல்லை, ஆனால் எனக்கு அது நியாயமாகவே பட்டது. நாயகன் பேக் யி-ஜின் ஐ.எம்.எஃப். பொருளாதார நெருக்கடியில் குடும்பம் சிதறிய நாளிலிருந்து கஷ்டத்தைத் தனக்குள் பூட்டிவைக்கும் ஆள். நியூயார்க்கில் 2001 தாக்குதலைச் செய்தியாக்கப் போனபோதும் அதையே செய்கிறான். நாயகி ஹீ-டோவோ எதையும் பகிர்ந்துகொள்ளாமல் வாழ முடியாதவள். அவர்கள் பிரிந்தது மனசுக்கு வலித்தது, ஆனால் அந்த வலிக்கான விதையை எழுத்தாளர் முன்பே போட்டிருந்தார்.

அல்லிக்குளம்

நான்கு பேர் எழுதிவிட்டீர்கள். ஜி-பியோங்குக்கு எவ்வளவு கிடைத்தது, தோ-சானுக்கு எவ்வளவு கிடைத்தது என்று தராசு பிடித்திருக்கிறீர்கள். தால்-மிக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. தொடரும் கேட்கவில்லை, அதனால்தான் இந்தச் சண்டை ஓயவில்லை என்று நினைக்கிறேன்.

அவள் கல்லூரி முடிக்காமல் வேலைக்குப் போனவள். அப்பாவோடு இருக்க முடிவு செய்து, அப்பாவையும் இழந்தவள். கம்பெனி தலைவராக வேண்டும் என்று வெறியோடு வருகிறாள். இதெல்லாம் பிரமாதமான தொடக்கம். ஆனால் காதல் விஷயத்துக்கு வரும்போது, இரண்டு ஆண்களில் யார் உண்மையான தோ-சான் என்று கண்டுபிடிக்கும் ஆளாக மட்டும் மாறிவிடுகிறாள். இவனோடு இருக்கும்போது நான் எப்படிப்பட்டவளாக இருக்கிறேன், அவனோடு இருக்கும்போது எப்படி என்று அவள் யோசிக்கும் ஒரு முழுக் காட்சி வேண்டியிருந்தது. அது இருந்திருந்தால் ஜி-பியோங் ரசிகர்களும் அழுதுவிட்டு அவள் முடிவை மதித்திருப்பார்கள்.

ஆசியத் தொடர்களின் முக்கோணக் காதல்களில் நான் கேட்கும் ஒரே கேள்வி இது: நடுவில் நிற்பவளுக்கு எழுத்து இருக்கிறதா?

மழைச்சாரல்

அக்கா, இது நான் யோசிக்காத கோணம். அப்படியென்றால் ‘ரிப்ளை 1988’ நாயகி தொக்-சனை எங்கே வைப்பீர்கள்? அவளுக்கு நிறைய எழுத்து இருக்கிறதே.

செவ்வந்தி

ஐயோ, அதைத் தொட்டுவிட்டீர்களா. பத்து வருஷமாக ஆறாத புண்.

அவளை மனசுக்குள்ளேயே காதலித்த ஜங்-ஹ்வான் பஸ்ஸில் கூட்டம் இடிக்காமல் அவளுக்கு அணை போட்டு நின்றதும், அவளோடு பள்ளிக்குப் போக வேண்டும் என்பதற்காகவே வாசலில் ஷூ கயிறு கட்டுவதுபோல் காத்திருந்ததும் எல்லாம் நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. 18-ஆவது எபிசோடில் அவன் சிக்னல் சிக்னலாக நின்று தாமதமாக வந்து சேர்கிறான், அவளைக் கடைசியில் கட்டிக்கொள்ளும் தேக் தன் பாதுக் (‘கோ’ என்ற பலகை விளையாட்டு) ஆட்டத்தையே விட்டுவிட்டு முன்னால் வந்து நிற்கிறான். விதி என்பது நேரம், தன்னைத் தடுத்தது சிவப்பு விளக்கு இல்லை, தன் தயக்கம்தான் என்று ஜங்-ஹ்வானே ஒப்புக்கொள்கிறான். பிறகு நண்பர்கள் நடுவில் காதலைச் சொல்லிவிட்டு அதை விளையாட்டு என்று முடித்துக்கொள்கிறான். அவ்வளவு நன்றாக எழுதிய காட்சியை நான் கொரியத் தொடர்களில் வேறெங்கும் பார்த்ததில்லை. அதனாலேயே கோபம். இப்படி எழுதத் தெரிந்தவர்கள் தேக்–தொக்-சன் காதலுக்கு ஏன் அந்த உழைப்பைப் போடவில்லை?

நடுநிசிப் பார்வையாளன்

போட்டிருக்கிறார்கள் செவ்வந்தி, கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். பாதுக் பலகைக்கு முன்னால் உலகத்தையே ஜெயிக்கும் தேக், வீட்டில் ஷூ கயிறு கட்டத் தெரியாதவன், தூக்க மாத்திரை இல்லாமல் தூங்க முடியாதவன். அவனைச் சுற்றி எல்லோரும் பயபக்தியோடு நடக்கும்போது, தொக்-சன் மட்டும் சாதாரணமாக நடத்துகிறாள். சீனாவில் போட்டிக்குப் போனபோது அவள்தான் கூட இருந்து கவனித்துக்கொள்கிறாள். வீட்டில் அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் யார் கண்ணிலும் படாத நடுப்பிள்ளை அவள். அவளை முதலில் பார்ப்பது தேக். ஜங்-ஹ்வான் நேசித்தான், ஆனால் அவளிடம் பேசும்போதெல்லாம் சிடுசிடுத்தான். அன்பு உள்ளே இருந்தால் போதாது, எதிரில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும்.

செவ்வந்தி

சரி, இதை ஏற்கிறேன். ஆனால் இதை உணர விடாமல் செய்தது தொடர்தானே? நிகழ்காலக் காட்சிகளில் கணவனாக நடித்த கிம் ஜூ-ஹியோக்கை, ஜங்-ஹ்வான் மாதிரியே சிடுசிடுப்பாகப் பேசவைத்தார்கள். கணவன் யார் என்று ஊகிக்கும் விளையாட்டுக்காகப் பாத்திரத்தின் குணத்தையே மாற்றிக் காட்டினார்கள். தேக் எந்த வயதிலும் அப்படிப் பேசுகிறவன் இல்லை. புதிரைக் காப்பாற்ற பாத்திரத்தைப் பலி கொடுத்தது எனக்கு மன்னிக்க முடியாதது.

நடுநிசிப் பார்வையாளன்

இதற்கு என்னிடம் பதில் இல்லை. நீங்கள் சொல்வது சரி.

கொல்லிமலை

எழுத்தாளரை மட்டும் கூண்டில் ஏற்றுகிறீர்கள், தயாரிப்பு முறையையும் கொஞ்சம் பாருங்கள். கொரியாவில் வாரம் இரண்டு எபிசோட், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல். தொடர் ஒளிபரப்பாகிக்கொண்டிருக்கும்போதே வசனத் தாள் எழுதி, எழுதிய அன்றே படம்பிடித்த காலம் நீண்ட நாள் இருந்தது. ரேட்டிங் பார்த்து, ரசிகர் கூச்சல் பார்த்து, கதை திரும்பும். 2016-இல் ‘டிசெண்டன்ட்ஸ் ஆஃப் தி சன்’ முழுவதும் எடுத்து முடித்த பிறகு வெளியானது. சீனாவில் அதே நேரத்தில் ஓட வேண்டும், அதற்கு அங்கே முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும் என்பதுதான் காரணம். அது பெரிய வெற்றியானதும் முன்கூட்டியே எடுக்கும் பழக்கம் பரவியது. பிறகு ஓடிடி வந்து இன்னும் உறுதிப்படுத்தியது.

அதே 2016-இல் ‘சீஸ் இன் தி ட்ராப்’. நாயகன் யூ ஜங் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்பதுதான் மூல வெப்டூனின் (இணையச் சித்திரக்கதையின்) உயிர். தொடர் பாதி தாண்டியதும் அவன் காட்சிகள் குறைந்து, இரண்டாவது நாயகன் பியானோ வாசிப்பது கூடிக்கொண்டே போனது. ரசிகர்கள் கொதித்தார்கள், வெப்டூனை எழுதியவரே வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். செகண்ட் லீடுக்கு அதிக இடம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் அந்தத் தொடரைப் பார்க்க வேண்டும். நாயகனும் கெட்டான், இரண்டாமவனும் எங்கேயும் போய்ச் சேரவில்லை.

தறியோசை

நான் சீனத் தொடர்ப் பக்கம். ‘தி ஸ்டோரி ஆஃப் மிங்லான்’ யாராவது பார்த்தீர்களா? 2018 டிசம்பரில் தொடங்கிய தொடர், 70 எபிசோடுக்கு மேல். நீளத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். மழைச்சாரல் கேட்ட கேள்விக்கு நான் பார்த்ததிலேயே நேர்மையான பதில் அதில் இருக்கிறது.

சீ ஹெங் அழகானவன், படித்தவன், மிங்லானை உண்மையாகவே நேசிக்கிறான். மிங்லானும்தான். அவள் ஒரு அதிகாரி வீட்டில் வைப்பாட்டிக்குப் பிறந்த பெண். அவன் அம்மா பிங்னிங் இளவரசிப் பட்டம் உள்ளவர், ஒத்துக்கொள்ளவில்லை. அவன் வாக்குக் கொடுக்கிறான், போராடுகிறான், பட்டினி கிடக்கிறான், கடைசியில் குடும்பத்துக்கு வந்த மிரட்டலுக்கு முன்னால் பணிந்து வேறு பெண்ணைக் கட்டிக்கொள்கிறான். அவனை வில்லன் ஆக்கவில்லை, கோழை என்று பழிக்கவுமில்லை. ஆனால் அவன் அன்பின் விலையை ஒவ்வொரு முறையும் மிங்லான் கட்ட வேண்டியிருக்கிறது என்பதை, அவள் பக்கத்திலேயே கேமராவை வைத்துக் காட்டினார்கள். குழந்தைப் பருவத்திலேயே அம்மாவைப் பறிகொடுத்து, பாட்டி நிழலில், வாய் திறந்தால் ஆபத்து என்று அடங்கி வளர்ந்த பெண்ணுக்கு என்ன தேவை என்று நமக்கு அப்போது தெரியும். எனக்கு சீ ஹெங்குக்காக அழுகை வந்தது, ஆனால் அவனோடு அவள் போக வேண்டும் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

கு டிங்யே ஊரில் கெட்ட பெயர் எடுத்தவன். சூழ்ச்சி செய்துதான் அவளைக் கட்டிக்கொள்கிறான். அந்தச் சூழ்ச்சிக்கு அவள் கோபப்படுகிறாள், தொடரும் அந்தக் கோபத்தை மதிக்கிறது. கல்யாணமே பாதித் தொடர் வந்த பிறகுதான். அதற்கப்புறம் வருவதுதான் என்னைப் பொறுத்தவரை காதல் கதை. அவள் நல்ல மனைவியாக, கடமை தவறாமல் நடந்துகொள்கிறாள், அவனுக்கோ அது போதவில்லை. அவள் தன்னிடம் கோபிக்க வேண்டும், பொறாமைப்பட வேண்டும் என்று ஏங்குகிறான். நம்பிக்கை என்பது அவளுக்கு எவ்வளவு அபாயமான பொருள் என்று தெரிந்து, எழுத்தாளர்கள் அதை அவசரப்படுத்தவில்லை.

அல்லிக்குளம்

தறியோசை, நன்றி. நான் சொல்ல நினைத்ததை உதாரணத்தோடு சொல்லிவிட்டீர்கள். நீளமும் அங்கே உதவுகிறது, இல்லையா?

தறியோசை

இந்தத் தொடருக்கு உதவியது. பல சீனத் தொடர்களுக்கு நீளம் சுமைதான். 2020-இல் அங்கே அரசே 40 எபிசோடுக்கு மேல் வேண்டாம், 30-க்குள் இருந்தால் நல்லது என்று அறிவுறுத்தியது. அது இல்லாதிருந்தால் இன்னும் எத்தனை தேவையற்ற பிரிவுகள், எத்தனை நினைவிழப்புகள் பார்த்திருப்போமோ.

செவ்வந்தி

நான் புதுயுகம் டிவியில் தமிழ் பேசிய கொரியத் தொடர்கள் வழியாக உள்ளே வந்தவள். அப்புறம் ‘பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்’ பார்த்து கூ ஜுன்-பியோவுக்காக உருகினேன். போன வருஷம் என் அக்கா மகளோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தபோது அவள் முதல் எபிசோடிலேயே, “சித்தி, இவன் பள்ளிக்கூடம் முழுக்க ஏவிவிட்டு அந்தப் பெண்ணைத் துன்புறுத்துகிறான், இவன்தான் ஹீரோவா?” என்று கேட்டாள். முதலில் பார்த்தபோது எனக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. மணிக்கட்டைப் பிடித்து இழுப்பது, சுவரோடு சாய்த்து நிறுத்துவது எல்லாம் காதலின் அறிகுறியாகவே பார்த்தோம். தாய்லாந்துத் தொடர்களில் இது இன்னும் கடுமை. 2008-இல் வந்த ‘சவன் பியாங்’கில் நாயகன் நாயகியைப் பலாத்காரம் செய்கிறான், பிறகு அவனே காதலன். அன்றைக்கு அது பெரிய வெற்றி. நடிப்புக்காக அதைப் புகழ்பவர்களை இன்றும் பார்க்கிறேன். என்னால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

ஜி-பியோங், சீ ஹெங், ஜங்-ஹ்வான் போன்றவர்கள் மேல் இவ்வளவு பாசம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நாயகன் கத்திக்கொண்டும் இழுத்துக்கொண்டும் இருந்த காலத்தில், காது கொடுத்துக் கேட்டவன் இரண்டாவது ஆள் மட்டும்தான்.

தாமிரபரணிக் கரை

செவ்வந்தி சொன்ன கடைசி வரிக்காகவே இந்த இழைக்கு வந்தது வீண் போகவில்லை.

இப்போது நாயகர்களே காது கொடுத்துக் கேட்கிறார்கள். அதில் வேறு சிக்கல். ‘குவீன் ஆஃப் டியர்ஸ்’ முதல் பாதி எனக்குப் பிடித்த கல்யாணக் கதை. கட்டிக்கொண்டு மூன்று வருஷமான தம்பதி, விவாகரத்துக்குத் தயாராக நிற்கும் கணவன், நோய் என்று சொல்லும் மனைவி. ஒரே வீட்டில் தனித்தனி அறைகளில் வாழும் இருவர் மறுபடி ஒருவரையொருவர் பார்க்கக் கற்றுக்கொள்வதை பாக் ஜி-உன் அருமையாக எழுதியிருந்தார். கடைசி நான்கு எபிசோடில் நினைவிழப்பு, கடத்தல், விபத்து, துப்பாக்கி. 24.850 சதவீத ரேட்டிங் வாங்கி, அதே எழுத்தாளரின் ‘க்ராஷ் லேண்டிங் ஆன் யூ’வையே தாண்டி, டிவிஎன் சானலின் உச்சமாக நின்றது. அதனால் அடுத்தவரும் இதையே செய்வார் என்ற கவலை எனக்கு உண்டு. ஹே-இன் தன் கணவனை நம்ப மறுத்ததற்குக் காரணம் அவள் குணம், அவள் வளர்ந்த வீடு. அதைவிட நல்ல தடையை எந்த வில்லன் கொண்டுவர முடியும்?

கொல்லிமலை

‘வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரீன்ஸ்’ பற்றி யாரும் பேசவில்லையே. வில்லன் இல்லை, முக்கோணம் இல்லை. ஜேஜூ தீவில் ஏ-சுனும் குவான்-ஷிக்கும் வாழ்ந்த வாழ்க்கை அவ்வளவுதான். பெரியவர்கள் ஒரு மேசையிலும் பெண்கள் தனியாகவும் சாப்பிடும் வீட்டில், அவன் பெரியவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து மனைவியோடு சாப்பிடுகிறானே, அந்த ஒரு காட்சியில் ஒரு மனிதன் முழுதாக வந்துவிட்டான்.

நடுநிசிப் பார்வையாளன்

எனக்கு குவான்-ஷிக் மேல் ஒரு குறை. அவன் எதையும் தனக்காக ஆசைப்படுவதே இல்லை. கப்பலிலிருந்து குதித்து நீந்தி வருகிறான், உடம்பு தேயும்வரை உழைக்கிறான், கடைசிவரை அவளையே பார்க்கிறான். இவ்வளவு நல்லவனை எழுதினால் பார்ப்பவர்கள் வீட்டில் இருக்கும் மனிதர்களை அளக்கும் கோலாகிவிடுகிறான். அவனுக்கு ஒரு கோபம், ஒரு கனவு கொடுத்திருக்கலாம்.

அல்லிக்குளம்

தம்பி, அவன் நமக்கு அப்படித் தெரிவது அந்தக் கதையை மகள் கும்-மியோங் சொல்வதால். பெண் பிள்ளை அப்பாவை நினைத்துப் பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

இன்னொன்று. மழைச்சாரல், நீங்கள் இதை அவசியம் பாருங்கள், உங்கள் கேள்விக்குப் பதில் இந்தத் தொடரிலும் இருக்கிறது. கும்-மியோங் யோங்-பொம்மை ஏழு வருஷம் காதலிக்கிறாள். அவன் நல்லவன். அவன் அம்மா இவள் குடும்பத்தைக் கீழாகப் பார்க்கிறார், அவன் இரண்டு பேரையும் சமாதானம் செய்யப் பார்க்கிறானே தவிர எழுந்து நிற்கவில்லை. தறியோசை சொன்ன சீ ஹெங் கதைதான், நாடும் நூற்றாண்டும் வேறு. அவளே அதை முறித்துக்கொள்கிறாள், அழுதுகொண்டே. அவள் அப்பா எப்படிப்பட்ட கணவன் என்று 10 எபிசோட் பார்த்துவிட்டோம் அல்லவா? அதனால் அவள் எதை எதிர்பார்க்கிறாள் என்று விளக்கவே தேவையில்லை. பிறகு அவள் கட்டிக்கொள்வது தியேட்டர் விளம்பரப் பலகை வரையும் சுங்-சொப்பை. அந்த வேடத்தில் கிம் சியோன்-ஹோ.

மழைச்சாரல்

கிம் சியோன்-ஹோவா! இதை யாரும் சொல்லவே இல்லையே. இன்றைக்கு ராத்திரியே தொடங்குகிறேன்.

ஆனால் அல்லிக்குளம் அக்கா, ஒரு சந்தேகம் இருக்கிறது. ஏழு வருஷக் காதலை முறித்தபின் வருபவருக்குத் திரையில் கிடைக்கும் நேரம் குறைவாகத்தானே இருக்கும்? யோங்-பொம் பக்கம் மனசு போய் நின்றுவிடாதா?

அல்லிக்குளம்

சிலருக்குப் போனது. என் தங்கை இன்றுவரை யோங்-பொம் கட்சி, எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு வந்தால் சாப்பாடு ஆறிவிடும். எனக்கு அப்படி ஆகவில்லை, ஏனென்றால் முறிவுக் காட்சி முழுக்க அவள் முகத்தில் இருந்தது. பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள், நீங்கள் எந்தப் பக்கம் என்று பார்ப்போம். தறியோசை, மிங்லானை எத்தனையாவது எபிசோட் வரை பொறுமையாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள், நான் அடுத்து அதைத் தொடங்கலாம் என்றிருக்கிறேன்.

தறியோசை

முதல் சில எபிசோடுகள் அவள் குழந்தையாக இருக்கும் காலம். அதைத் தாண்டி ஓட்டிவிடாதீர்கள். பின்னால் அவள் ஏன் சீ ஹெங்கிடம் முழு மனசையும் கொடுக்கத் தயங்குகிறாள் என்பதற்கான காரணம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.